வீட்டு வரி: கட்டும் முன் கணக்கைப் பாருங்கள்



சமீபத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பும் கடன் தவணையும் வசூலித்து முடித்தபின், ஒரு அக்கா வீட்டு வரி நோட்டீஸை எடுத்து நீட்டினார். "கூரை வீட்டை இடிச்சுட்டுத்தானே அதே இடத்துல ஓட்டு வீடு கட்டினேன். ரெண்டுக்கும் வரி கேக்குறாங்களே" என்றார். கணவர் இல்லாதவர், களை எடுத்துப் பிழைப்பவர். தண்ணீர்க் குழாயைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயத்தில் 2 வருடம் இரண்டு வரியும் கட்டியிருக்கிறார். பழைய வீட்டை இடித்ததை ஊராட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

வரி கட்டுவது நம் கடமை. தெருவிளக்கு, குடிநீர் போன்ற ஊராட்சிப் பணிகளுக்கு அந்தப் பணமும் உதவுகிறது. ஆனால் தவறான கணக்குக்குக் கட்ட வேண்டியதில்லை.

வரி எப்படிப் போடுகிறார்கள்?

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-ன்படி கிராம ஊராட்சி வீட்டு வரி விதிக்கிறது. பெரும்பாலும் வீட்டின் பரப்பளவையும், கூரையா, ஓடா, காங்கிரீட்டா என்பதையும் வைத்துத்தான் தொகை வரும். இதில் ஒன்று தப்பாக எழுதப்பட்டாலும் வரி ஏறிவிடும்.

நாம் பார்க்க வேண்டியவை

1. அளவு: டேப் வைத்து நீங்களே அளந்து பாருங்கள். 22 அடிக்கு 18 அடி வீடு என்றால் 396 சதுர அடி. 18-ஐ 28 என்று எழுதிவிட்டால் 616 ஆகிவிடும். 220 சதுர அடிக்குச் சும்மா வரி கட்டுவோம்.

2. மேற்கூரை: ஓட்டு வீடு காங்கிரீட் என்று பதிவாகியிருக்கிறதா?

3. வரி விதிப்பு எண்: ஒரே வீட்டுக்கு இரண்டு எண் இருக்கிறதா? இடித்த வீட்டின் எண் நீக்கப்பட்டதா?

4. பாக்கி: கட்டிய வருடத்தையே மறுபடி கேட்கிறார்களா? பழைய ரசீதுதான் சாட்சி. வங்கிப் பாஸ்புக்கோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.

5. ரசீது: வீட்டு வரி, நூலக வரி, குடிநீர்க் கட்டணம் தனித்தனியாக எவ்வளவு என்று படித்துப் பாருங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள்.

தவறு இருந்தால்

முதலில் ஊராட்சி செயலரிடம் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். நோட்டீஸில் சொன்ன நாட்களுக்குள் எழுத்து மூலம் மனு கொடுத்து, நகலில் ஒப்புகை வாங்குங்கள். சரியாகாவிட்டால் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போகலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். கிராம சபையிலும் எழுந்து கேட்கலாம்.

ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். மாடி எடுத்ததை மறைத்து வரியைக் குறைக்கப் பார்க்காதீர்கள். "நான் குறைச்சுத் தர்றேன்" என்று வரும் இடைத்தரகரை நம்பாதீர்கள்.

அந்த அக்காவோடு குழுவே கிளம்பி ஊராட்சி அலுவலகம் போனது. செயலர் நேரில் வந்து பார்த்தபின் பழைய எண்ணை நீக்கினார்கள். ஏற்கெனவே கட்டிய பணம் இன்னும் திரும்பவில்லை. அதற்கும் மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

- எத்தனை பேரிடம் கடைசி வரி ரசீது இருக்கிறது?
- யார் பெயரில் இருக்கிறது?
- யார் வீட்டை முதலில் அளக்கலாம்?