ஒரு மாத்திரை, இரண்டு மருமகள்கள்

பீகார் மாநிலத்தில் ஒரு கிராமம். அங்கே ஒரு வீட்டில் இரண்டு மருமகள்கள். மூத்தவளுக்கு வயது 38. இளையவளுக்கு வயது 26. இருவருக்கும் ஒரே தொல்லை. மாதவிடாய் வந்தால் எட்டு நாள் வரை நிற்காது. உதிரப்போக்கும் அதிகம்.

ஒருநாள் நாற்று நடும்போது இளையவள் மயங்கி விழுந்தாள். ஊர் சுகாதாரத் தொண்டரான ஆஷா அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றார்.

டாக்டரம்மா இரத்தத்தைச் சோதித்தார். ஹீமோகுளோபின் 12 கிராம் இருக்க வேண்டும். அவளுக்கு 9 கிராம்தான் இருந்தது. அது இரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100 பேருக்கு 57 பேர் இரத்தசோகை உள்ளவர்கள்.

டாக்டரம்மா இரத்த அழுத்தம் பார்த்தார். பல கேள்விகள் கேட்டார். பிறகு இரும்புச்சத்து மாத்திரையும் மாலா-என் மாத்திரையும் கொடுத்தார்.

“டாக்டரம்மா, இது குழந்தை வேண்டாம் என்பவர்கள் சாப்பிடுவதாயிற்றே?” என்று இளையவள் கேட்டாள்.

“ஆமாம் அம்மா. உனக்கும் இப்போது குழந்தை வேண்டாம் என்றாயே! இதனால் வேறு நன்மையும் உண்டு. உதிரப்போக்கு குறையும். வயிற்றுவலி குறையும். மாதவிடாய் ஒழுங்காக வரும். சினைப்பையிலும் கருப்பையின் உட்சுவரிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பும் குறையும்” என்றார் டாக்டரம்மா.

அட்டையில் 28 மாத்திரைகள் இருந்தன. 21 மாத்திரைகள் ஒரே நிறம். அவைதான் கருத்தடை மாத்திரைகள். மற்ற 7 வேறு நிறம். அவை இரும்புச்சத்து மாத்திரைகள். அட்டையில் உள்ள அம்புக்குறியைப் பார்த்துத் தினமும் ஒன்று சாப்பிட வேண்டும். ஒருநாள் மறந்தால், நினைவு வந்தவுடன் சாப்பிட வேண்டும். இரண்டு நாளோ அதற்கு மேலோ மறந்தால் செவிலியரைக் கேட்க வேண்டும்.

முதல் இரண்டு மாதம் இளையவளுக்குக் குமட்டல் இருந்தது. பிறகு சரியாயிற்று. ஆறு மாதத்தில் உடம்பு தேறியது.

மூத்தவள் இதைப் பார்த்தாள். “எனக்கும் ஓர் அட்டை கொடு” என்றாள்.

“அக்கா, எனக்குப் பிரஷர் பார்த்த பிறகுதான் கொடுத்தார்கள். நீங்களும் வாருங்கள். பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம்” என்றாள் இளையவள்.

துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் மூத்தவளைப் பார்த்தார். இரத்த அழுத்தம் 160/100 இருந்தது. அவளுக்குப் பீடி புகைக்கும் பழக்கமும் உண்டு.

“இந்த மாத்திரை உங்களுக்கு ஆகாது. இரத்தக் குழாயில் இரத்தம் உறையலாம். அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கு ஆபத்து. மூளைக்குப் போகும் குழாய் அடைத்தால் பக்கவாதம். எல்லோருக்கும் இப்படி வராது. மிகச் சிலருக்குத்தான் வரும். ஆனால் இரத்தக் கொதிப்பு இருந்தால் ஆபத்து கூடும். 35 வயதுக்கு மேல் பீடி, சிகரெட் புகைத்தாலும் கூடும். உங்களுக்கு இரண்டும் இருக்கிறதே!” என்றார் செவிலியர்.

அவளை மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். கருப்பையில் கட்டி இருந்தது. அது புற்றுநோய்க் கட்டி அல்ல. கட்டிக்கும் இரத்தக் கொதிப்புக்கும் சிகிச்சை தொடங்கியது. மூத்தவள் பீடியையும் விட்டாள்.

“அன்று நீ அட்டையைக் கொடுத்திருந்தால் நானும் சாப்பிட்டிருப்பேன்” என்றாள் மூத்தவள். இளையவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நினைவில் கொள்க

1. மாத்திரை தொடங்கும் முன் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.

2. இவற்றைச் செவிலியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்: இரத்தக் கொதிப்பு, இதய நோய், கல்லீரல் நோய், ஒற்றைத் தலைவலி, மார்பகக் கட்டி, புகைப் பழக்கம். ஆறு மாதத்துக்குள் பிறந்த குழந்தைக்குப் பால் கொடுப்பவரும் சொல்ல வேண்டும். காசநோய்க்கும் வலிப்புக்கும் தரும் சில மருந்துகள் இந்த மாத்திரையின் பலனைக் குறைக்கும்.

3. மாத்திரை சாப்பிடும் காலத்தில் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சற்றுக் கூடும். நிறுத்திய பிறகு மெல்லக் குறையும்.

4. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், கடுமையான தலைவலி, பார்வை மங்கல் – இவற்றில் ஒன்று வந்தாலும் மாத்திரையை நிறுத்துங்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

5. இந்த மாத்திரை எய்ட்ஸ் போன்ற பால்வினை நோய்களைத் தடுக்காது. அதற்கு ஆணுறை வேண்டும்.

பயிற்சி

1. இளையவளுக்கு மாத்திரையால் என்னென்ன நன்மைகள் கிடைத்தன?

2. மூத்தவளுக்கு மாத்திரை ஏன் ஆகாது?

3. உங்கள் ஊரில் இரத்த அழுத்தம் எங்கே பார்க்கிறார்கள்? எழுதுங்கள்.