‘உன் ரேங்க் என்ன?’

கேள்வி: ஐயா, கிராமத்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு, எஸ்.சி. இடஒதுக்கீட்டில் ஐஐடி ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். விடுதியில் யாரைப் பார்த்தாலும் ‘உன் ரேங்க் என்ன?’ என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். சொன்னதும் முகம் மாறிவிடுகிறது. வகுப்பில் ஆங்கிலம் பாதி பிடிபடுவதில்லை; சந்தேகம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. முதல் செமஸ்டரில் இரண்டு அரியர். எனக்கு இங்கே இருக்கத் தகுதி உண்டா?

– பெயர் வெளியிட விரும்பாத மாணவர்

பதில்: உண்டு தம்பி. அந்த ரேங்க் எதை அளந்தது என்று பாருங்கள். ஜேஇஇ மெயின் தேர்வை 2021 முதல் தமிழில் எழுதலாம். ஐஐடிக்குள் நுழைய எழுத வேண்டிய அட்வான்ஸ்டு தேர்வுக்கோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வினாத்தாள். முடுக்கம், உந்தம், திருப்புவிசை என்று படித்த பிள்ளை, அதே இயற்பியலை வேறு மொழியில், நேரம் ஓட ஓட எழுதியாக வேண்டும். உங்களோடு படிப்பவர்களில் பலர் எட்டாம் வகுப்பிலேயே ‘ஃபவுண்டேஷன்’ கோச்சிங்கில் சேர்ந்து, பிறகு கோட்டா நகரிலோ ஹைதராபாத்திலோ இரண்டு வருடம் இதையே படித்தவர்கள். அவர்கள் உழைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டார் கட்டிய லட்சங்கள் எந்த ரேங்க் பட்டியலிலும் ஏறுவதில்லை. உங்கள் பிரிவு மட்டும் ஏறிவிடுகிறது. இந்த அநியாயம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

சென்னை ஐஐடியை ஆராய்ந்து அஜந்தா சுப்பிரமணியன் 2019-ல் வெளியிட்ட ‘தி காஸ்ட் ஆஃப் மெரிட்’ நூல், பரம்பரையாக வந்த சாதி அனுகூலம் எப்படித் ‘திறமை’யாக மதிக்கப்படுகிறது என்பதை விரிவாகச் சொல்கிறது. நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். மருத்துவ மேற்படிப்பில் ஓபிசி ஒதுக்கீடு பற்றிய வழக்கில், சிலருக்குக் கிடைக்கும் சமூக, பொருளாதார, பண்பாட்டு அனுகூலங்களைப் போட்டித் தேர்வு காட்டுவதில்லை என்று உச்ச நீதிமன்றமே 2022-ல் கூறியிருக்கிறது.

ரேங்க் கேட்பவருக்குப் பதில் சொல்லும் கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஐஐடி பம்பாய், மாணவர்கள் ஒருவரையொருவர் ஜேஇஇ ரேங்க் கேட்பது முறையல்ல என்று 2023-ல் வழிகாட்டுதலே வெளியிட்டது. கேலி தொடர்ந்தால் தேதி, இடம், சொன்ன வார்த்தை மூன்றையும் குறித்துவைத்து உங்கள் நிறுவனத்தின் எஸ்.சி./எஸ்.டி. செல்லில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

அரியர் விஷயம்தான் அவசரம். இந்த வாரமே அந்த இரண்டு ஆசிரியர்களையும் அவர்கள் அறையில் போய்ப் பாருங்கள். வெறுங்கையோடு போக வேண்டாம். ஒரு கணக்கை எங்கே தடுக்கிறதோ அந்த வரி வரை போட்டு எடுத்துச் செல்லுங்கள். ‘ஒன்றும் புரியவில்லை’ என்றால் எங்கே தொடங்குவது என்று அவருக்கும் தெரியாது. ‘இந்த வரிக்கு மேல் போகவில்லை’ என்றால் அங்கிருந்தே சொல்லித் தருவார். ஆங்கிலம் தடுமாறட்டும், கேளுங்கள். இடம் கொடுத்த நிறுவனத்துக்குப் பாடம் புரியவைக்கும் கடமையும் இருக்கிறது.

இரவில் தூக்கம் வராமல் மனம் கனத்தால் அன்றே வீட்டுக்குப் பேசுங்கள், வளாகத்து மனநல ஆலோசகரையும் பாருங்கள். அடுத்த செமஸ்டர் எப்படிப் போகிறது என்று எனக்கு எழுதுங்கள்.