உயிலில் அறத்துக்கும் ஒரு பங்கு

உயில் கொடையைப் பெறும் வழி சுலபம்: கேட்பதுதான். பிரிட்டனில் உயில் எழுத வந்தவர்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2013-இல் வெளியானது. யாரும் கேட்காதபோது, நூற்றில் 5 பேர் மட்டுமே தொண்டு நிறுவனத்துக்கு எழுதினார்கள். கேட்டதும் அது சுமார் 10 ஆனது. “பலரும் எழுதி வைக்கிறார்கள், உங்கள் மனதுக்கு நெருக்கமான பணி ஏதும் உண்டா?” என்று கேட்டபோது 15!

அங்கே மார்ச், அக்டோபர் மாதங்களில் சில ஊர்களில் 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் இலவசமாக உயில் எழுதலாம். வழக்கறிஞர் கட்டணத்தைத் தொண்டு நிறுவனங்களே ஏற்கின்றன. கொடை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதுதான் இந்த முறையின் அழகு. வரிச் சலுகையும் உண்டு. வரிக்குரிய சொத்தில் 10 சதவீதமாவது அறத்துக்குப் போனால், வாரிசு வரி 40-இலிருந்து 36 சதவீதமாகிறது.

அங்கு வாழும் தமிழர்கள் கவனிக்க வேண்டியவை சில. நிறுவனத்தின் முழுப் பெயரோடு பதிவு எண்ணையும் எழுதுங்கள். ஒரே மாதிரிப் பெயர்கள் ஏராளம். தொகையாக எழுதினால் விலைவாசி அதைத் தின்றுவிடும், ஆகவே சதவீதமாக எழுதுவதே நல்லது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சாட்சிகள் இருவர் வேண்டும். சாட்சிக் கையெழுத்திட்டவருக்கோ அவருடைய துணைக்கோ எழுதிய பங்கு செல்லாமல் போகும்.

முக்கியமாக, கொடை எழுதியிருப்பதைப் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.