காற்றில் எழுதும் எல்.இ.டி. பட்டை: எழுத்து நகராமல் நிற்க

பள்ளி, கல்லூரிக் கண்காட்சிகளில் இந்தச் சுழல் பொம்மை அடிக்கடி கண்ணில் படும். ஒரு பட்டையில் வரிசையாக எல்.இ.டி. விளக்குகள், மோட்டார் சுற்றியதும் அந்தரத்தில் ஒரு பெயர் தெரியும். பலவற்றில் அந்தப் பெயர் ஓரிடத்தில் நிற்பதில்லை. மெல்ல ஊர்ந்துகொண்டே போகும், அல்லது நடுங்கும். உடனே மோட்டாரை மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் நேரக் கணக்கில்தான் இருக்கும்.

முதலில் விளக்கு. மூன்று கம்பி உள்ள டபிள்யூ.எஸ்.2812 ஸ்ட்ரிப் மலிவு, எங்கும் கிடைக்கும். இந்த வேலைக்கு அதை வாங்காதீர்கள். நிமிடத்துக்கு 1200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 50 மில்லிநொடி. வட்டத்தை 200 கோடுகளாகப் பிரித்தால் ஒரு கோட்டுக்குக் கிடைப்பது 250 மைக்ரோநொடி. அந்த ஸ்ட்ரிப்பில் ஒரு விளக்குக்குத் தகவல் அனுப்பவே 30 மைக்ரோநொடி ஆகும். 16 விளக்குக்கு 480. கணக்கு அங்கேயே உதைக்கிறது. நான்கு கம்பி உள்ள ஏ.பி.ஏ.102 வாங்குங்கள். மீட்டருக்கு 144 விளக்கு உள்ள வகையில் 16 விளக்கு வெட்டினால் 11 சென்டிமீட்டர் வரும். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள். ஒளியைக் குறைக்க அதிலுள்ள பொதுப் பிரகாச அளவைத் தொட வேண்டாம். அதைக் குறைத்தால் விளக்கு மெதுவாக விட்டுவிட்டு எரியும், சுழலும்போது எழுத்து புள்ளி புள்ளியாக உடையும். அதை உச்சத்திலேயே விட்டு, நிற மதிப்பைக் குறையுங்கள்.

மற்றவை: ஆர்டுயினோ நானோ, ஏ3144 ஹால் சென்சார், சின்னக் காந்தம், லித்தியம் பேட்டரி, அதன் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாக உயர்த்தும் பூஸ்டர் போர்டு, 12 வோல்ட் டி.சி. மோட்டார், வேகக் கட்டுப்பாட்டு போர்டு. ஸ்ட்ரிப்பின் டேட்டா கம்பி 11ஆம் பின்னுக்கு, கிளாக் 13க்கு, சென்சார் 2க்கு. சால்டர் வைக்கத் தெரிந்தவருக்கு இது ஒரு மாலை வேலை.

இனிதான் முக்கியமான இடம். எல்லோரும் முதலில் எழுதும் நிரல் ஒன்று உண்டு: ஒரு கோட்டை எரிய விடு, ‘டிலே’ போட்டுக் காத்திரு, அடுத்த கோட்டுக்குப் போ. மோட்டாரின் வேகம் இம்மி மாறினாலும் அந்தக் காத்திருப்பு பொய்த்துவிடும். பிழை சுற்றுக்குச் சுற்று கூடிக்கொண்டே போகும். காத்திருக்கவே கூடாது. பட்டை இப்போது எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு கணமும் கணக்கிட வேண்டும்.

காந்தத்தை அசையாத ஸ்டாண்டிலும் சென்சாரைப் பட்டையிலும் பொருத்துங்கள். பட்டை காந்தத்தைக் கடக்கும்போதெல்லாம் 2ஆம் பின்னில் இன்டரப்ட் எழும். அதில் ‘மைக்ரோஸ்’ தரும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, முந்தைய நேரத்தைக் கழித்தால் ஒரு சுற்றின் காலம் கிடைக்கும். முதன்மை லூப்பில், கடைசியாகக் காந்தத்தைக் கடந்தபின் ஆன நேரத்தை 200ஆல் பெருக்கி, சுற்றுக் காலத்தால் வகுங்கள். வரும் எண்தான் காட்ட வேண்டிய கோடு. எண் மாறினால் மட்டும் விளக்குகளுக்குத் தகவல் அனுப்புங்கள். வேகம் ஏறினாலும் இறங்கினாலும் எழுத்து அசையாது.

இதிலும் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். நானோ 8 பிட் சிப். நான்கு பைட் எண்ணை அது ஒரே மூச்சில் படிக்காது. பாதி படிக்கையில் இன்டரப்ட் புகுந்தால் எண் தாறுமாறாகி எழுத்து திடீரென்று துள்ளும். அந்த எண்களை ‘வாலடைல்’ என்று அறிவித்து, நகலெடுக்கும் அந்த நொடிக்கு மட்டும் இன்டரப்ட்டை நிறுத்திவையுங்கள். அடுத்தது, சென்சார் காந்தத்தின் தென்முனைக்குத்தான் அசையும். எதுவும் நடக்கவில்லை என்றால் காந்தத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்னுக்கு உள் புல்-அப்பையும் இயக்க மறக்காதீர்கள்.

காந்தத்தை எப்போதும் வட்டத்தின் அடியில்தான் வைக்க வேண்டும். சுற்றுக் காலம் புதுப்பிக்கப்படும் இடத்தில் சிறு தையல் விழும். அது அடியில் கிடக்கட்டும். உச்சியில் 100ஆம் கோடு வரும். சொல்லின் நடுப்பகுதியை அங்கே நிறுத்துங்கள்.

தமிழுக்கு 8 விளக்கு போதாது. மேலே சுழிக்கும் இகரமும் கீழே இறங்கும் உகரமும் சேர்ந்தால் 16 வேண்டும். ‘கொ’வில் கொம்பு முன்னே, கால் பின்னே, ‘கு’வில் வடிவமே மாறுகிறது. ஒவ்வோர் எழுத்தாகச் சேமித்து ஒட்டவைக்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். கணினியில் சொல் முழுவதையும் 16 பிக்சல் உயரப் படமாக வரைந்து, கோடு கோடாக எண்ணாக்குங்கள். 200 கோட்டுக்கு 400 பைட்தான். நிரல் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்திலேயே வைத்துவிடலாம். ஸ்ட்ரிப்பை மையத்திலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளித் தொடங்குங்கள், இல்லாவிட்டால் உகரச் சுழிகள் நசுங்கிவிடும். நம்மைப் பார்த்த முகத்தில் பட்டை கடிகாரத் திசையில் சுற்ற வேண்டும். வெளி ஓர விளக்குதான் எழுத்தின் தலை. எழுத்து கண்ணாடிப் பிம்பமாகத் தெரிந்தால் கோடுகளின் வரிசையைத் திருப்பிவிடுங்கள்.

பேட்டரியை மையத்தில் கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். இரட்டைப் பக்க டேப்பை மட்டும் நம்ப வேண்டாம். 15 சென்டிமீட்டர் தூரத்தில், இந்த வேகத்தில், 1 கிராம் பொருள் சுமார் 240 கிராம் எடையோடு வெளியே இழுக்கும். பட்டையை ஆணியில் தொங்கவிட்டு, தாழும் பக்கத்துக்கு எதிரே நட்டுகளைச் சேர்த்துச் சமன் செய்த பிறகே மோட்டாரில் மாட்டுங்கள். ஓரம் மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் பாய்கிறது. ஆகவே முன்னால் அக்ரிலிக் தகடு கட்டாயம், குழந்தைகள் கூடும் இடத்தில் சுற்றிலும் வேண்டும். வேகத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள். மேசை அதிர்ந்தால் நிறுத்திவிட்டு மறுபடி சமன் பாருங்கள்.

படம் எடுக்கும்போது எழுத்து பாதியாக விழுந்தால் மொபைலில் ஷட்டர் நேரத்தை 1/20 நொடியாக வையுங்கள். ஒரு முழுச் சுற்று அதில் அடங்கிவிடும்.