தொற்றுநோய்க் காலமும் நம் கடை இருப்பும்: வீட்டுக்கு ஒரு கணக்கு, தொழுவத்துக்கு ஒரு கணக்கு



ஊரில் நோய் பரவும் காலத்தில் பூட்டக்கூடாத கடைகளில் முதலாவது மளிகைக் கடை. இதை நாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. 2020ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் தேதி மத்திய உள்துறை வெளியிட்ட ஊரடங்கு உத்தரவிலேயே, ரேஷன் கடை, மளிகை, காய்கனி, பால், இறைச்சி, மீன் ஆகியவற்றோடு கால்நடைத் தீவனம் விற்கும் கடைகளுக்கும் விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. கடை திறக்க அனுமதி இருந்தது. ஆனால் திறந்த கடையில் வேண்டிய சரக்கு இருந்ததா என்பதுதான் கேள்வி. இந்த இதழில் அதைப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

நம் கடையில் நடந்தது

கோவை மாநகராட்சி எல்லையோரத்தில் உள்ளது நம் கடை. மளிகையோடு தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, கலப்புத் தீவனமும் வைத்திருக்கிறோம். 2020 மார்ச் 24ஆம் தேதி மாலை 6 மணி முதல் தமிழகத்தில் 144 தடை உத்தரவு. அன்று பகல் முழுவதும் கடையில் நிற்க இடமில்லை. மதியம் டெம்போவோடு வந்த பால் பண்ணைக்காரர் ஒருவர் 18 மூட்டை தீவனத்தையும் 4 மூட்டை தவிட்டையும் ரொக்கம் கொடுத்து ஒரே நடையில் ஏற்றிச் சென்றார். கல்லா நிறைந்தது. நமக்கும் மகிழ்ச்சி. அன்றிரவே நாடு முழுவதற்கும் 21 நாள் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது.

மூன்றாம் நாள் காலையில் ஒரு மூதாட்டி வந்தார். ஒரே ஒரு பசு வைத்திருப்பவர். இரண்டு நாளைக்கு ஒரு தரம் 5 கிலோ தவிடும் 2 கிலோ புண்ணாக்கும் வாங்குவார். பல வருடப் பழக்கம். "தீர்ந்து போச்சுங்க ஆத்தா, லோடு வரலை" என்றோம். "மனுசன்னா கஞ்சி குடிச்சுட்டுக் கெடப்பான். மாட்டுக்கு என்னத்தைங் தம்பி போடறது?" என்றார். நம்மிடம் பதில் இல்லை. நொய்யரிசி 5 கிலோ கொடுத்தனுப்பினோம். அவர் அதைக் கஞ்சியாகக் காய்ச்சி வயிறு நிறைய வைத்திருக்கிறார். மறுநாள் பசுவுக்கு வயிறு உப்பி, அசை போடுவது நின்றுவிட்டது. கால்நடை மருத்துவர் வந்து காப்பாற்றினார். ஆனால் அந்த ஈற்றில் பால் பழைய அளவுக்குத் திரும்பவே இல்லை. அந்தப் பால்தான் அவர் வீட்டு வரும்படி.

மொத்த வியாபாரியிடமிருந்து நமக்கு லோடு வர ஒன்பது நாள் ஆயிற்று. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பிழை நம்முடையது. 18 மூட்டையையும் ஒருவருக்கே கொடுத்தது நாம். தானியக் கஞ்சி பசுவுக்கு ஆகாது என்று சொல்லத் தெரியாமல் நொய்யைக் கொடுத்தனுப்பியதும் நாம்.

அனுமதி இருந்தும் தீவனம் ஏன் வரவில்லை?

இதைத் தெரிந்துகொண்டால் அடுத்த முறை ஏமாற மாட்டோம். புண்ணாக்கு எண்ணெய் ஆலையிலும், தவிடு அரிசி ஆலையிலும், பொட்டு பருப்பு ஆலையிலும் கிடைக்கும் உபபொருள்கள். ஆலையில் ஆள் வராவிட்டால் எண்ணெய் மட்டுமல்ல, புண்ணாக்கும் நின்றுவிடும். காங்கயம் பக்கத்துத் தேங்காய் எண்ணெய் ஆலை ஓடினால்தான் தேங்காய்ப் புண்ணாக்கு வரும். மூட்டை இருந்தாலும் ஏற்றி இறக்க ஆள் வேண்டும். லாரி இருந்தாலும் டிரைவருக்கு வழியில் சாப்பாடு கிடைக்க வேண்டும். இத்தனை கண்ணிகளில் ஒன்று விட்டாலும் நம் கடைக்குச் சரக்கு வராது. கால்நடைத் தீவன ஆலைகள் இயங்கலாம் என்று 2020 ஏப்ரல் 15ஆம் தேதி வெளியான விரிவான நெறிமுறைகள் தெளிவாகவே கூறின. அதற்குள் மூன்று வாரம் கழிந்துவிட்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டீக்கடைகள் மூடப்பட்டதால், டீக்கடைக்குப் பால் ஊற்றி வந்தவர்களுக்கு வரும்படி நின்றது. பசு மட்டும் வழக்கம்போல் தின்றது. ஆகவே தீவனத் தேவையும் கடன் தேவையும் ஒரே நேரத்தில் வந்தன.

முதல் வேலை: நோட்டுப் போடுவது

நம் கடன் நோட்டில் யார் எவ்வளவு தர வேண்டும் என்பது இருக்கும். யார் வீட்டில் எத்தனை பேர், எத்தனை உயிர் என்பது இருக்காது. நோயில்லாத நாட்களில் ஒரு நோட்டுப் போட்டு, வாடிக்கையாளர் பெயருக்கு எதிரே இவற்றை எழுதிவைக்க வேண்டும்: வீட்டில் எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா, வயதானவர் தனியே இருக்கிறாரா, பசு, ஆடு, கோழி, நாய் எத்தனை, தொலைபேசி எண் என்ன. வீட்டில் எல்லோரும் காய்ச்சலில் படுத்துவிட்டால் மாட்டைக் கறந்து தீவனம் வைக்க வரக்கூடியவர் யார் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளலாம். கேட்கும்போதுதான் பலருக்கும் அப்படி ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற எண்ணமே வரும்.

இரண்டாவது வேலை: கணக்குப் போடுவது

தொழுவத்துக் கணக்கு: கலப்பினக் கறவைப் பசுவுக்கு உடல் பராமரிப்புக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.5 கிலோ அடர்தீவனமும், கறக்கும் ஒவ்வொரு 2.5 லிட்டர் பாலுக்கும் 1 கிலோவும் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 8 லிட்டர் கறக்கும் பசுவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4.7 கிலோ. 21 நாளைக்கு 100 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை இரண்டு. இது வைக்கோல், சோளத்தட்டு, பசும்புல் நீங்கலாக. ஆட்டுக்கு நாளைக்குக் கால் கிலோ வீதம் 21 நாளைக்குச் சுமார் 5 கிலோ. முட்டைக் கோழிக்கு நாளைக்கு 110 கிராம் வீதம் 10 கோழிக்கு 23 கிலோ. தாது உப்பையும் சாதா உப்பையும் மறக்கக்கூடாது.

வீட்டுக் கணக்கு: நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு ஆளுக்கு 400 கிராம் அரிசி வீதம் 21 நாளைக்குச் சுமார் 34 கிலோ. பருப்பு வகை ஆளுக்கு 50 கிராம் வீதம் 4 கிலோவுக்குச் சற்று மேல். எண்ணெய் ஆளுக்கு 25 மில்லி வீதம் 2 லிட்டருக்குச் சற்று மேல். இவற்றோடு உப்பு, புளி, மிளகாய், சர்க்கரை, சோப்பு, குழந்தைப் பால் மாவு, சானிட்டரி நாப்கின், தீப்பெட்டி, பிளீச்சிங் பவுடர். ரேஷனில் வாங்கும் அரிசியைக் கழித்துக்கொண்டால் மீதிதான் நம்மிடம் வாங்க வேண்டியது.

இனி நம் இருப்பு. நோட்டின்படி நம்மிடம் வாங்கும் பசுக்கள் 12 என்றால், நாளைக்கு 5 கிலோ வீதம் 60 கிலோ. 14 நாளைக்கு 840 கிலோ, அதாவது 17 மூட்டை. இந்த 17 மூட்டைக்குக் கீழே இருப்பு இறங்கக்கூடாது. புதுச் சரக்கு வரும்போது பழையதை முன்னே இழுத்து விற்க வேண்டும். இது பதுக்கல் ஆகாதா என்று சிலர் கேட்கலாம். வாடிக்கைக்கு வேண்டிய அளவைப் பில்லோடு வாங்கி அன்றாட விலைக்கே விற்றுவருவது இருப்பு. விலை ஏறட்டும் என்று விற்காமல் வைத்திருப்பது பதுக்கல். பருப்பு போன்றவற்றுக்கு அரசு இருப்பு வரம்பு விதிக்கும் காலங்களில் அந்த வரம்புக்குள்தான் நாம் நிற்க வேண்டும்.

மூன்றாவது வேலை: பங்கிட்டு விற்பது

2020 ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் முழு ஊரடங்கு. மளிகைக் கடைக்கும் அனுமதியில்லை. முந்தைய நாளான 25ஆம் தேதி கடைகளில் கூடிய கூட்டம் நமக்கெல்லாம் நினைவிருக்கும். நான்கு நாள் மூடப்போவதற்காக ஒரே நாளில் கூடிய அந்தக் கூட்டமே நோய் பரவ இடம் கொடுக்கக்கூடியது.

அந்த முறை நாம் மார்ச் மாதப் பாடத்தை மறக்கவில்லை. தீவன இருப்பில் பாதியை நோட்டில் உள்ளவர்களுக்கென்று தனியே அடுக்கினோம். மீதிப் பாதியையும் ஒரு மாட்டுக்கு ஒரு மூட்டை என்றே கொடுத்தோம். அதே பண்ணைக்காரர் மறுபடி வந்தார். முதலில் கோபித்துக்கொண்டார். நோட்டைக் காட்டி விவரம் சொன்னதும், "நியாயந்தானுங்" என்று தம் பங்கை வாங்கிச் சென்றார். இன்றும் நம் வாடிக்கையாளர்தான். மூதாட்டிக்குரிய தீவனத்தை 25ஆம் தேதி காலை நம் பையன் சைக்கிளில் கொண்டுபோய்ப் போட்டுவந்தான். பணத்தை அவர் ஜூன் மாதம் கொடுத்தார்.

2021 மே 24 முதல் மறுபடி முழு ஊரடங்கு வந்தபோது, மே 31 முதல் வாகனங்களில் கொண்டுசென்று விற்கவும், தொலைபேசியில் கேட்பவர்களுக்கு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கவும் அரசு அனுமதித்தது. நோட்டு வைத்திருந்த கடைக்கு அந்த அனுமதி உடனே பயன்பட்டது. தெருவாரியாகப் பட்டியல் கையிலேயே இருந்ததல்லவா?

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 மார்ச்சில் முகக்கவசத்தையும் கைகழுவும் கிருமிநாசினியையும் மத்திய அரசு அத்தியாவசியப் பொருளாக அறிவித்து, 200 மில்லி கிருமிநாசினிக்கு 100 ரூபாய் என உச்ச விலை விதித்தது. நம்மில் சிலர் கூடுதல் விலைக்கு விற்றதால்தான் இந்த நிலை வந்தது. நாமே அளவோடு நின்றால் சட்டம் நம் கடைக்குள் வரத் தேவையில்லை.

சரக்கோடு சொல்ல வேண்டியவை

வாங்குபவர் நம்மைக் கேட்டுத்தான் பல காரியம் செய்கிறார். ஆகவே கீழ்க்கண்டவை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1. பசுவுக்குத் திடீரென்று தீவனத்தை மாற்றக்கூடாது. பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பல நாட்களில் மாற்ற வேண்டும். அரிசிக் கஞ்சி, சோறு அதிகம் வைத்தால் வயிற்றில் அமிலம் மிகுந்து உயிருக்கே ஆபத்து. அடர்தீவனம் கிடைக்காவிட்டால் வைக்கோலையும் புல்லையும் கூட்டி வைக்கலாம். பால் குறையும், பசு பிழைக்கும்.

2. பூசணம் பிடித்த புண்ணாக்கை எந்தத் தட்டுப்பாட்டிலும் விற்கக்கூடாது. அதிலுள்ள நச்சு மாட்டைக் கெடுப்பதோடு பாலிலும் இறங்கும். மூட்டைகளைப் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும்.

3. நாய்க்குப் பாக்கெட் தீவனம் கிடைக்காவிட்டால் சோற்றோடு முட்டையோ இறைச்சியோ கலந்து கொடுக்கலாம். வெங்காயம், சாக்லேட், திராட்சை கூடாது.

4. நோய் கண்டவர் தம் கால்நடையிடமிருந்தும் விலகியிருப்பது நல்லது. 2021 ஜூனில் வண்டலூர் உயிரியல் பூங்காவின் சிங்கங்களுக்கே கொரோனா கண்டது நினைவிருக்கும். வேறு ஆள் இல்லாவிட்டால் கைகழுவி, முகக்கவசம் கட்டிக்கொண்டு மாட்டைக் கவனிக்கலாம்.

5. பிளீச்சிங் பவுடரை அரிசி, தீவனத்துக்கு அருகில் வைக்கக்கூடாது. கழிவறை ஆசிட்டோடு கலந்தால் நச்சு வாயு எழும். இரண்டையும் சேர்த்து வாங்குபவரிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

6. வயிற்றுப்போக்குப் பரவும் காலத்தில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி அளந்து கலந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல். இரண்டும் நம் கடைச் சரக்கே.

7. மாட்டுக்கே நோய் வரும் காலமும் உண்டு. கோமாரி பரவும்போது ஒரு தொழுவத்திலிருந்து வரும் காலிச் சாக்கைத் திரும்ப வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்கக்கூடாது. சாக்கு, வண்டி, செருப்பு வழியாகவும் அது பரவும். 10 லிட்டர் நீரில் 400 கிராம் சலவைச் சோடா கரைத்துத் தொழுவத்தைக் கழுவச் சொல்லலாம்.

கடைசியாக, நம் கடைக்கும்

நாமே படுத்துவிட்டால்? பக்கத்துத் தெருக் கடைக்காரரோடு இப்போதே பேசி வைத்துக்கொள்வோம். நம் கடை மூடினால் நம் நோட்டில் உள்ளவர்களுக்கு அவர் சரக்குக் கொடுக்கட்டும். அவர் கடை மூடினால் நாம் கொடுப்போம். வாடிக்கை போய்விடுமோ என்ற அச்சம் வேண்டாம். கஷ்ட காலத்தில் ஏற்பாடு செய்துவிட்டுப் போன கடையை யாரும் மறப்பதில்லை.

வீட்டுக்காரர் பசித்தால் நம் கடைக்கு வந்து கேட்பார். தொழுவத்தில் கட்டியிருப்பது வந்து கேட்காது. அதற்காக நாம்தான் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். உறுப்பினர்கள் இந்த மாத இருப்புக் கணக்கு எடுக்கும்போதே இந்த நோட்டையும் தொடங்கிவிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.