மலையடித் தோப்புகளும் சீதோஷ்ண மாறுதலும்

ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் தாலூகாக்களின் மேற்கே நிற்கும் மலைக்காடு, மழைநீரைச் சருகிலும் வேரிலும் ஏந்திச் சிறுகச் சிறுக ஓடைகளில் விடுகிறது. கண்மாய்ப் பாசனம் இதனைப் பொறுத்ததே. ஆகவே காட்டின் நலம் மிராசுதார்களுக்குப் புறம்பான விஷயமன்று.

சமீப வருஷங்களில் மழை முறை தவறி வருகிறது. 2016-ஆம் வருஷம் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை சராசரியில் நூற்றுக்கு 60 பங்குக்கு மேல் குறைந்தது. 2021 ஜனவரியிலோ காலந்தப்பிய பெருமழை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஒரு வருஷத்து மழையைக் கொண்டு சீதோஷ்ணம் மாறிற்று என்று தீர்மானித்தல் தகாது. ஆயினும் உஷ்ணமேறிய காற்று அதிக நீராவியை ஏந்துமாதலால், பெய்யும்பொழுது கொட்டித் தீர்ப்பதும், இடையில் நெடுநாள் காய்வதும் மிகும் என்பது சாஸ்திரிகள் முடிவு.

இதன் விளைவு முதலில் மாந்தோப்பில் தெரியும். சப்பட்டையாயினும் பஞ்சவர்ணமாயினும், மார்கழி, தை மாதங்களின் குளிரும் வறட்சியுமே மாமரத்தைப் பூக்கச் செய்கின்றன. அப்பொழுது மழை பெய்தால் பூவுக்குப் பதிலாகத் தளிர் விடும். விட்ட பூங்கொத்துகளும் கருகும். மகரந்தத்தைச் சேர்க்கும் ஈக்களும் தேனீக்களும் மழையில் வெளிவரா. பூத்த மரத்தில் பூச்சிமருந்தை மிகையாகத் தெளிப்பவர் எஞ்சியவற்றையும் கொன்றுவிடுகின்றனர்.

செண்பகத்தோப்பு முதலிய இடங்களில் வாழும் சாம்பல்நிற மலை அணில் இந்தியாவின் தென்பகுதியிலும் இலங்கையிலும் மட்டுமே உள்ளது. இதற்காகவே 1988-இல் சரணாலயம் ஏற்பட்டது; 2021 முதல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. இப்பிராணி தரையில் இறங்குவது அபூர்வம்; கிளையோடு கிளை கோத்த மரங்களிலேயே கூடு கட்டும். வறட்சியில் மலைச்சரிவு இலையுதிர்க்கும்பொழுது ஓடைக்கரை மரங்களும் அடிவாரத்து மா, புளியந்தோப்புகளுமே அதற்குப் புகலிடம். காய்களைக் கடித்து நஷ்டம் செய்கிறது என்ற முறையீடு பொய்யன்று. எனினும் அதனைக் கொல்வது சட்டப்படி குற்றமாகும்.

விளைச்சல் குன்றிய பழமரங்களை ஒருங்கே வெட்டித் தென்னை வைக்க எண்ணுவோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். தென்னையின் உச்சிகள் மாமரக் கிளைகளைப் போல் ஒன்றோடொன்று கோத்து நில்லா. முதலில் இடைவெளிகளில் மா, புளி, நாவல் கன்றுகளை ஐப்பசி மழையோடு நட்டு, அவை கிளை கோத்த பின்னரே முதிய மரங்களை ஒவ்வொன்றாக நீக்கலாம். ஓடைக்கரையிலுள்ள நீர்மருதை மட்டும் தொடலாகாது. பெருவெள்ளத்தில் கரையைப் பிடித்து நிறுத்துவது அதன் வேரே. புறம்போக்கிலுள்ள மரங்களைக் கிராம உத்தியோகஸ்தர்கள் கணக்கெடுத்து வைப்பது நலம்.