குறை சொல்லுங்கள்... கோபம் வராமல்!

இன்னும் நான்கே நாளில் புராஜெக்ட் ரிப்போர்ட்டைக் கல்லூரியில் கொடுத்தாக வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு உங்கள் மகள் போனில் கத்துகிறாள்: ‘‘உனக்கு எதைத்தான்டீ உருப்படியா செய்யத் தெரியும்?’’ மறுமுனையில் அழுகை. அதோடு இருவருக்கும் பேச்சில்லை. ரிப்போர்ட் பாதியில் நிற்கிறது. இவளுக்கும் தூக்கமில்லை.

ஆபீஸில் உங்களுக்கும் இதே கதைதானா? அப்படியானால், இந்தப் பாடம் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

‘தப்பைச் சொன்னாத்தானே திருத்திக்குவாங்க?’ என்பீர்கள். வாஸ்தவம்தான். ஆனால், சொல்கிற விதத்தில் இருக்கிறது சூட்சுமம். க்ளூகர், டெனிசி என்ற இரண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள், பல ஆய்வுகளிலிருந்து 607 ஒப்பீடுகளைத் திரட்டி 1996-ல் அலசினார்கள். கருத்துச் சொன்னதால் சராசரியாக வேலை முன்னேறியது நிஜம். ஆனால், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் வேலையின் தரம் குறைந்தே போயிருந்தது! கேட்பவரின் கவனம் வேலையை விட்டு, ‘நான் அவ்வளவு மட்டமா?’ என்று தன் மீதே திரும்பினால் பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

சொல்பவரா நீங்கள்? ஆளை விடுங்கள், வேலையைப் பேசுங்கள். ‘நீ எப்பவுமே இப்படித்தான்’ வேண்டாம். ‘மூணாவது அத்தியாயத்துல, அட்டவணையில 42-னு இருக்கு, கிராஃப்ல 24-னு இருக்கு. எது சரின்னு பார்க்கலாமா?’ இது போதும். நாலு பேர் எதிரில் சொல்லாதீர்கள். நன்றாகச் செய்த இடத்தையும் இதேபோல குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

கேட்பவரா? குறை காதில் விழுந்ததும் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். எல்லாம் பதற்றத்தில் உடல் செய்யும் வேலை. அந்த நிமிஷத்தில் வாயைத் திறந்தால் சண்டைதான். ஒரு தம்ளர் தண்ணீர் குடித்து, நிதானமாக மூச்சு விடுங்கள். படபடப்பு அடங்கியதும், ‘எந்த இடத்துல?’ என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் படித்துப் பாருங்கள். சரியானதைத் திருத்துங்கள், ஒப்பாததற்குக் காரணம் சொல்லுங்கள்.

1953-ல் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவத்தை வெளியிட்ட வாட்சனும் கிரிக்கும் பார்ட்னர்கள்தான். ஒருவர் யோசனை சொன்னால், மற்றவர் அதை அலட்சியம் செய்யாமல், பகையும் இல்லாமல், ஒளிவுமறைவின்றி உடைத்துப் பார்ப்பாராம். கிரிக்கே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். யோசனைகள் பல உடைந்தன, கூட்டு உடையவில்லை. 1962-ல் நோபல் பரிசும் வந்தது.

சரி, உங்கள் மகள் இப்போது என்ன செய்யலாம்? போனை எடுத்து இரண்டே வரி: ‘‘நேத்து நான் பேசினது தப்புடீ. வா, அந்த கிராஃபைச் சேர்ந்து பார்க்கலாம்.’’

இன்னும் மூன்று நாள் இருக்கிறதே!